ஹைலக்ஸா, வி-கிராஸா?

நாலு மாசமா எங்க வீட்டுல நடக்கிற பஞ்சாயத்து இதுதான். டொயோட்டா ஹைலக்ஸா, இசுஸு வி-கிராஸா? ரெண்டும் பிக்கப் வண்டி. முன்னால அஞ்சு பேர் உக்காரலாம், பின்னால திறந்த தொட்டி, தேவைப்பட்டா நாலு சக்கரமும் இழுக்கும். இந்த சைஸ்ல வெள்ளை நம்பர் பிளேட்டோட சொந்த வண்டியா வாங்கணும்னா இந்தியாவுல நடைமுறையில இந்த ரெண்டுதான். டாடா ஸெனான், மகிந்திரா ஸ்கார்பியோ கெட்அவே எல்லாம் வந்த சுவடு தெரியாம போயிருச்சு. ரெண்டு பேர் மட்டும் போட்டின்னா சண்டை ஜாஸ்தியா இருக்கும்கிறது நமக்கு சினிமாவுலேர்ந்தே தெரியுமே :-)

எனக்கு எதுக்கு இந்த வண்டின்னு முதல்ல சொல்லிடறேன், இல்லைன்னா மத்தது புரியாது. சொந்த ஊர் கரூர். குவஹாத்திக்கு வந்து பதினோரு வருசம் ஆச்சு. மலைச்சரிவுல ரோடு வெட்டுறதுக்கு முன்னாடி துளை போட்டு, உள்ளேயிருந்து பாறைத் துண்டை உருவி எடுத்து, இந்தச் சரிவு நிக்குமா சரிஞ்சு விழுமான்னு எழுதிக் கொடுக்கிற வேலை. மாசத்துல பாதி நாள் தேஜ்பூர், பாலுக்போங் தாண்டி அருணாசலுக்குள்ள. பொம்டிலா, திராங், அதுக்கும் மேலே தவாங். ஆபீஸ் வண்டி கிடைக்கும்போது கிடைக்கும். கிடைக்காதப்போ வாடகை வண்டி, அதுவும் இல்லைன்னா ஷேர் சுமோவுல நடு சீட்ல முட்டி மடக்கிட்டு பத்து மணி நேரம். நாப்பத்தி மூணு வயசுல முட்டி அதை ஒத்துக்க மாட்டேங்குது.

வண்டி வாங்கப்போறேன்னு சொன்னதும் எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி "எவ்வளவு பவர்?" என்னைக் கேட்டா இந்த ரெண்டுக்குள்ள முடிவெடுக்க கடைசியா கேக்க வேண்டிய கேள்வி அது. இருந்தாலும் கணக்கைச் சொல்லாம விட்டா திட்டுவாங்க. ஹைலக்ஸ்ல 2.8 லிட்டர் டீசல், 204 குதிரை. டார்க் 500 நியூட்டன் மீட்டர்னு போஸ்டர்ல போடுவாங்க, அது ஆட்டோமேட்டிக் கியருக்கு. மேனுவல்ல 420தான். வி-கிராஸ்ல 2021லேர்ந்து 1.9 லிட்டர் டீசல், 163 குதிரை, 360 நியூட்டன் மீட்டர். ரெண்டுமே அஞ்சே கால் மீட்டருக்கு மேல நீளம். திருப்புறதுக்கு ஆறு மீட்டருக்கு மேல ஆரம் வேணும், அதாவது குவஹாத்தி ஃபேன்சி பஜார் பக்கம் கொண்டு போனா கடைக்காரங்க எல்லாம் வெளியே வந்து ஆளுக்கொரு திசை கைகாட்டுவாங்க.

நான் ரெண்டையும் ஓட்டிப் பார்த்தேன். ஷோரூம்காரங்க ஜோராபாட் வரைக்கும்தான் விடுவாங்க, அதுல ஒண்ணும் தெரியாது. நல்லவேளையா ஷில்லாங்ல ஒரு பெங்காலி நண்பர் கிட்ட 2018 வி-கிராஸ் இருக்கு (பழைய 2.5 லிட்டர்), தாவ்கி பக்கம் ரெண்டு நாள் அதுல சுத்தினோம். ஹைலக்ஸை எங்க துறையில ஒருத்தரோட வண்டியில திராங் வரைக்கும் பார்த்தேன்.

பவர் பத்தி ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு, அது உயரம். ஸேலா கணவாய் 13,700 அடி. 2024 மார்ச்சுல சுரங்கப்பாதை திறந்தாச்சு, அதனால உச்சிக்குப் போகாமலே தவாங் போயிரலாம். ஆனா சுரங்கமே ஏறக்குறைய 13,000 அடியிலதான் இருக்கு. அந்த உயரத்துல காத்தழுத்தம் கீழே தேஜ்பூர்ல இருக்கிறதுல அறுபது சதவீதம் மாதிரிதான். மனுசனுக்கு மூச்சு வாங்குற மாதிரி எஞ்சினுக்கும் வாங்கும். டர்போ இருக்கிறதால மெல்லிசான காத்தையும் அழுத்தி உள்ளே தள்ளிரும், அதனால பழைய எஞ்சின் மாதிரி படுத்துக்காது. ஆனா டர்போ முழிச்சுக்கிறதுக்கு முன்னாடி, கொண்டை ஊசி வளைவுல நின்னு ஒண்ணாம் கியர்ல கிளம்புறப்போ, எஞ்சினோட சொந்த சைஸ்தான் கை கொடுக்கணும். அந்த ஒரு இடத்துல 2.8க்கும் 1.9க்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். நல்லா ஓட்டத் தெரிஞ்சவன் கியரை மாத்தி சமாளிச்சிருவான். அதுக்காக அஞ்சாறு லட்சம் கொடுக்கலாமான்னா, கூடாது.

அடுத்தது சேறு. ரெண்டுலயும் ஒரே வகை ஏற்பாடு. சாதாரணமா பின்சக்கரம் மட்டும் இழுக்கும், குமிழைத் திருப்பினா நாலும் இழுக்கும், இன்னொரு நிலை வச்சா கியர் இறங்கி மெதுவா, பலமா இழுக்கும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. நல்ல தார் ரோட்டுல நாலு சக்கரத்தைப் போட்டு ஓட்டக் கூடாது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃபரென்ஷியல் கிடையாது, வளைவுல முன்சக்கரம் ஒரு தூரம், பின்சக்கரம் ஒரு தூரம் போகணும், போக முடியாம உள்ளே முறுக்கிக்கும். ஷோரூம்ல இதை யாரும் சொல்றதில்லை. "ஃபோர் வீல் டிரைவ் சார், எங்கே வேணா போகலாம் சார்"தான்.

ஹைலக்ஸ்ல பின் டிஃபரென்ஷியலைப் பூட்டுறதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு. ஒரு பின்சக்கரம் பள்ளத்துல தொங்கிட்டு சும்மா சுத்தும்போது பூட்டினா, தரையில இருக்கிற சக்கரமும் சேர்ந்து சுத்தி வண்டியை வெளியே தள்ளும். நண்பரோட வி-கிராஸ்ல அது இல்லை. 2024ல வந்த வி-கிராஸ்ல சறுக்குற சக்கரத்தை பிரேக் பிடிச்சு நிறுத்தி மத்த சக்கரத்துக்கு சக்தி கொடுக்கிற டிராக்‌ஷன் கன்ட்ரோல் வந்திருக்கு, கூடவே ஏர்பேக்கும் ஆறாச்சு. நம்ம ஊர் மண்பாதைக்கு அது போதும். மழைக்காலத்துல பாலுக்போங்குக்கு மேலே ரோடு வெட்டிட்டிருக்கிற இடத்துல முழங்கால் ஆழத்துக்கு சேறு இருக்கும், அங்கே பூட்டு இருந்தா நிம்மதி. இதுல ஹைலக்ஸுக்கு ஒரு மார்க்கு. ஆனா கணக்கு அதோட முடியலை.

தொட்டிக்கு வருவோம். பிக்கப்னா ஒரு டன் ஏத்தலாம்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. வெளிநாட்டுல விக்கிற இதே வண்டிங்க ஏத்தும். இங்கே சொந்த உபயோகத்துக்குப் பதிவு பண்ற மாடல்ல அனுமதிச்ச எடை அதைவிட ரொம்பக் கம்மி. ஆர்.சி. புத்தகத்துல சுமையோட எடை, வெறும் வண்டி எடைன்னு ரெண்டு எண் இருக்கும். ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிச்சு, அதுலேர்ந்து உள்ளே உக்கார்ற ஆளுங்களையும் கழிங்க. அஞ்சு பேர்னாலே 350 கிலோ போயிரும். மிச்சம் இருக்கிறதுதான் உங்க தொட்டி.

எனக்கு இது விளையாட்டுக் கணக்கு இல்லை. நாங்க எடுக்கிற பாறை உருளை ஒரு மீட்டர் நீளத்துக்கு ஆறு கிலோவுக்கு மேல வரும். அஞ்சு மீட்டர் அடுக்கின மரப்பெட்டி ஒண்ணு நாப்பது கிலோ கிட்ட. பத்துப் பெட்டின்னா நானூறு. சைட்லேர்ந்து குவஹாத்தி லேபுக்கு அதைக் கொண்டு வரணும்னா இந்த ரெண்டு வண்டியிலயும் அஞ்சு பேரையும் ஏத்திட்டு சட்டப்படி கொண்டு வர முடியாது. ரெண்டு பேர் வரணும், இல்லைன்னா பெட்டி லாரியில வரணும். இதைச் சொன்னதும் எங்க வீட்டம்மா கேட்டாங்க, "அப்ப எதுக்குங்க அவ்வளவு பெரிய தொட்டி?" நியாயமான கேள்வி. பதில் என்னன்னா, தொட்டி எடைக்கு இல்லை, அழுக்குக்கு. சேறு பிடிச்ச பூட்ஸ், நனைஞ்ச கயிறு, டீசல் கேன், கடப்பாரை இதையெல்லாம் ஆளுங்களோட சேர்த்து மூடின வண்டிக்குள்ள வச்சு பத்து மணி நேரம் போய்ப் பாருங்க, தெரியும்.

வெறும் தொட்டியோட ஓட்டினா ரெண்டுமே குதிக்கும். பின்னால லீஃப் ஸ்பிரிங். லாரிக்கு அடியில அடுக்கடுக்கா இருக்குமே, அந்தப் பட்டைதான். கரூர்ல பஸ் பாடி கட்டுற பட்டறையில மாமா வேலை பார்த்தார், சின்ன வயசுல அங்கேயேதான் கிடப்பேன். "சுமை ஏறினாத்தான்டா பட்டை படுக்கும், காலி வண்டி கழுதை மாதிரி உதைக்கும்"னு சொல்வார். ஜப்பான்காரன் செஞ்சாலும் பட்டை பட்டைதான். பின்சீட்ல உக்கார்றவங்களுக்கு வி-கிராஸ்ல கொஞ்சம் உதை கம்மின்னு என் இடுப்பு சொல்லுச்சு. ஹைலக்ஸ் பின்சீட் முதுகு செங்குத்தா இருக்கு. வருசத்துக்கு ஒரு தடவை அம்மா ரெண்டு மாசம் வந்து தங்குவாங்க. அவங்களுக்கு எழுபத்தி ரெண்டு வயசு. போட்டோ அனுப்பினேன். போன்ல வந்த பதில்: "ஏன்டா தம்பி, அதுல மூட்டை ஏத்துவாங்களா மனுசன ஏத்துவாங்களா? நான் எப்படிடா ஏறுறது?" காமாக்யா கோவிலுக்கு அம்மாவை டாக்ஸியில கூட்டிட்டுப் போறதா முடிவாச்சு.

விலை. இங்கேதான் வி-கிராஸ் ஆளுங்க நெஞ்சை நிமித்துவாங்க, அதுல நியாயமும் இருக்கு. 2016ல வி-கிராஸ் வந்தப்போ 12.49 லட்சம். அந்த விலைக்கு அப்படி ஒரு வண்டி இந்தியாவுல அதுக்கு முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை. மலையேறுறவங்க, போட்டோ எடுக்கிறவங்க, எஸ்டேட்காரங்க எல்லாரும் அதுல விழுந்தது அப்படித்தான். 2024க்குள்ள ஃபோர் வீல் டிரைவ் மாடல் ஏறக்குறைய ரெண்டு மடங்குக்கு வந்திருச்சு. ஹைலக்ஸ் 2022 மார்ச்சுல வந்தப்பவே 33.99 லட்சத்துல ஆரம்பம், அடுத்த வருசம் ஆரம்ப மாடலுக்கு மட்டும் மூணரை லட்சம் குறைச்சாங்க. எனக்குக் கிடைச்ச கொட்டேஷன்ல டாப் மாடலுக்கு டாப் மாடல் ஆறு லட்சத்துக்கு மேல வித்தியாசம். ஆறு லட்சத்துக்கு கரூர் வீட்டு ஒழுகுற மொட்டை மாடியை முழுசா சரி பண்ணிட்டு மிச்சத்துல கிணத்தையும் தூர் வாரலாம். இந்தக் கணக்கை வீட்டம்மா அடிக்கடி ஞாபகப்படுத்துறாங்க.

சரி, அப்ப ரெண்டும் வேண்டாம், பத்து லட்சத்துக்குப் பக்கத்துல மகிந்திரா பொலிரோ கேம்பர் வாங்கலாமே? எங்க கான்ட்ராக்டருங்க எல்லாம் அதைத்தான் வச்சிருக்காங்க, உழைப்புல அதை அடிச்சுக்க முடியாது. ஆனா அது சரக்கு வண்டி. மஞ்சள் பிளேட், எஃப்.சி. தலைவலி. இன்னொண்ணும் இருக்கு. வேற மாநிலத்துல வேலை பார்க்கிற நம்ம மாதிரி ஆளுங்களுக்கு 2021ல வந்த பி.ஹெச். நம்பர் பெரிய வரம். அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கும், நாலு மாநிலத்துக்குக் குறையாம ஆபீஸ் இருக்கிற தனியார் கம்பெனி ஊழியர்களுக்கும் கிடைக்கும். ரெண்டு ரெண்டு வருசமா வரி கட்டினாப் போதும் (டீசலுக்கு ரெண்டு சதவீதம் கூட), நாளைக்கு ஊரு மாறினா என்.ஓ.சி. வாங்கிட்டு அலைய வேண்டாம். அது சொந்த உபயோக வண்டிக்கு மட்டும்தான். அஸ்ஸாம் நம்பர்ல முழு வரியையும் கட்டிட்டு அப்புறம் தமிழ்நாட்டுல திரும்பவும் கட்டிட்டு, பழைய வரியைத் திரும்பக் கேட்டு நடையா நடந்தவங்க கதை எனக்கு நிறையத் தெரியும். நான் எப்ப ஊருக்குத் திரும்புவேன்னு எனக்கே தெரியாது. அதனால வண்டியாவது தயாரா இருக்கட்டும்.

அலங்காரத்தைப் பத்தி ஒரு வரி. புல் பார், உயரம் தூக்குறது, ராட்சச டயர்னு ஆசைப்படாதீங்க. புல் பாருக்கு 2017 டிசம்பர்லயே தடை. வண்டியோட அடிப்படை அமைப்பைக் கம்பெனி கொடுத்ததுக்கு மாறா மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லிருச்சு. தொட்டிக்கு மேல மூடி போடுறதுக்குக்கூட ஆர்.டி.ஓ.கிட்ட கேட்டுட்டுப் போடுறது நல்லது. சிரபுஞ்சி பக்கத்துல இருந்துட்டு மூடி இல்லாம பிக்கப் வச்சிருந்தா அது பிக்கப் இல்லை, குளம்.

இப்ப என்னோட கட்சிக்கு வர்றேன். மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு வாடகை எஸ்யூவியில (கம்பெனி பேர் வேண்டாம்) திராங்குக்கு மேலே போயிட்டிருந்தோம். டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு எரிஞ்சுது, எஞ்சின் சக்தியைக் குறைச்சுக்கிச்சு, ஏத்தத்துல நின்னுருச்சு. சாயங்காலம் நாலு மணி, டிசம்பர், அங்கே அப்பவே இருட்டு ஆரம்பம். என்னோட ரெண்டு டிரில்லிங் பசங்க, ஒருத்தனுக்குக் காய்ச்சல். போன்ல சிக்னல் இல்லை. எங்களை ஏத்திட்டுப் போனது கடைசியா வந்த சுமோ. வண்டியை மறுநாள் லாரியில ஏத்தி தேஜ்பூருக்கு இறக்கினாங்க, ஒரு சென்சார் வர்றதுக்கு மூணு வாரம் ஆச்சுன்னு டிரைவர் பின்னால சொன்னார். கைக்குள்ள அடங்குற ஒரு சென்சார்.

அந்த சுமோ டிரைவர் அன்னைக்கு ராத்திரி டீக்கடையில சொன்னதுதான் நாலு மாசமா என் மண்டையில ஓடிட்டிருக்கு. "தாதா, வண்டி நல்லதா கெட்டதான்னு பாக்காதீங்க. எல்லா வண்டியும் நிக்கும். நின்னா பொம்டிலா மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பார்த்ததும் அவனுக்கு அது தெரிஞ்ச முகமா இருக்கணும்." டாடா சுமோவைத் தயாரிக்கிறதை 2019லயே நிறுத்திட்டாங்க. அந்த ரோட்டுல அது இன்னும் ஓடுதுன்னா இதுதான் காரணம்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுட்டுப் பார்த்தா ரெண்டு வண்டியும் வேற மாதிரி தெரியுது. ஹைலக்ஸுக்கு அடியில இருக்கிற எஞ்சின் ஃபார்ச்சூனர்ல இருக்கிற அதே 2.8. சட்டகமும் 2004ல இன்னோவா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் மூணுக்கும் சேர்த்துப் போட்ட குடும்பத்துலேர்ந்து வந்ததுதான். அருணாசல்ல ஃபார்ச்சூனர் எத்தனைன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அமைச்சர், கான்ட்ராக்டர், கான்ட்ராக்டரோட மச்சான் எல்லார்கிட்டயும் இருக்கு. இன்னோவா டாக்ஸி எங்கேயும் இருக்கு. அப்ப ஃபில்டர், பிரேக் ஷூ, பேரிங், அந்த எஞ்சினைக் கழட்டிப் பழகின கை எல்லாம் வழியிலேயே கிடைக்கும். வி-கிராஸுக்கு உறவு எம்யூ-எக்ஸ், அதை நான் இந்தப் பக்கம் பார்த்ததை விரல் விட்டு எண்ணிரலாம். டொயோட்டாவுக்கு நாடு பூரா நூத்துக்கணக்குல சர்வீஸ் சென்டர், இசுஸுவுக்கு அதுல சின்ன பங்குதான். வண்டி மோசம்னு அர்த்தம் இல்லை. ஷில்லாங் நண்பரோட வண்டி இத்தனை வருசத்துல ஒரு தடவைகூட வழியில நிக்கலை, சத்தியமா நம்புறேன். ஆனா அவர் வீட்டுலேர்ந்து குவஹாத்தி நூறு கிலோமீட்டர். தவாங்லேர்ந்து தேஜ்பூரே முன்னூறு கிலோமீட்டருக்கு மேல, அதுவும் மலை.

பி.எஸ். 6 டீசல்ல இந்தக் கவலை இன்னும் ஜாஸ்தி. ரெண்டுலயும் புகையில வர்ற கரியைப் பிடிச்சு வைக்கிற டி.பி.எஃப். இருக்கு. ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன தூரம் ஓட்டினா அது அடைச்சுக்கும், நெடுஞ்சாலையில ஒரு அரை மணி நேரம் ஒரே வேகத்துல ஓட்டினாத்தான் சூடாகி எரிச்சுச் சுத்தம் பண்ணிக்கும். விளக்கு எரியுதேன்னு அலட்சியமா விட்டா எஞ்சின் தானே சக்தியைக் குறைச்சுக்கும். அப்ப ஸ்பேனர் போதாது, கம்ப்யூட்டர் வச்சிருக்கிற ஆள் வேணும். அந்த ஆள் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்காருங்கிறதுதான் என் வேலைக்கு இந்த ரெண்டு வண்டிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம்.

உணர்ச்சி வசப்பட்டா நான் வி-கிராஸ்தான் வாங்கணும். சென்னைக்குப் பக்கத்துல ஸ்ரீசிட்டியில செய்யறாங்க, இந்தியக் கம்பெனியோட தலைமை ஆபீஸும் சென்னைதான். ஹைலக்ஸ் பிடதியில பூட்டி வருது. ரெண்டுமே நம்மளை மாதிரி தெக்கேயிருந்து இவ்வளவு தூரம் வந்து இங்கே சேத்துல உழைக்குதுங்க, அந்தப் பாசம் ரெண்டு மேலயும் உண்டு.

முடிவு: ஹைலக்ஸ், மேனுவல் கியர், ஆரம்ப மாடல். டாப் மாடலை விட்டதால வித்தியாசமும் குறைஞ்சுது, மொட்டை மாடி வேலையை தீபாவளிக்கு முன்னாடி ஆரம்பிக்கலாம்னு வீட்டம்மாவோட ஒப்பந்தம் ஆயிருக்கு. இதே நான் கோயம்புத்தூர்லயோ பெங்களூர்லயோ இருந்து, மாசத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போறவனா இருந்தா, கண்ணை மூடிட்டு வி-கிராஸ் வாங்கியிருப்பேன், பின்சீட்டும் கொஞ்சம் சுகம். வருசத்துக்கு ரெண்டு தடவை லடாக் போறதுக்காக மட்டும்னா ரெண்டுமே வேண்டாம், அந்தக் காசுக்கு எத்தனையோ தடவை வாடகை வண்டியில போயிட்டு வரலாம்.

பி.ஹெச். நம்பருக்கு ஆபீஸ்லேர்ந்து ஒரு சான்றிதழ் வேணும். ஹெச்.ஆர்.ல கேட்டு மூணு வாரம் ஆச்சு. அது கைக்கு வந்ததும் அட்வான்ஸ் கட்டுறதா இருக்கேன்.